பிடியும் சிட்டிகையும்: பொருநைக் கரையில் சில கைகள்

தமிழ்ச் சமையலறையில் படியும் தராசும் வேண்டாத இரண்டு அளவைகள் உண்டு. ஒன்று பிடி, மற்றொன்று சிட்டிகை. ஐந்து விரல்களும் உள்ளங்கையோடு சேர்ந்து மூடிக்கொண்டால் பிடி. பெருவிரலின் நுனியும் அடுத்த ஒன்றிரண்டு விரல்களின் நுனியும் சந்தித்தால் சிட்டிகை. அரிசிக்குப் பிடி, பெருங்காயத்துக்குச் சிட்டிகை என்று பாட்டிமார் சொல்லிக்கொடுத்தபோது, உடற்கூற்றியலின் ஒரு பகுப்பையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 1956இல் ஜான் நேப்பியர் என்னும் ஆங்கிலேய மருத்துவர், மனிதக் கை பொருள்களைப் பற்றும் விதங்கள் எத்தனையாகத் தோன்றினாலும் அடிப்படையில் அவை இரண்டே என்று எழுதினார். சுத்தியலைப் பற்றுவது வலுப்பிடி. ஊசியைப் பற்றுவது நுண்பிடி. நம் அடுப்பங்கரை மொழியில் சொன்னால் பிடியும் சிட்டிகையும்தான்.

பொருநையாற்றுப் பள்ளத்தாக்கின் வரலாற்றை அரசர்களைக் கொண்டு எழுதியிருக்கிறார்கள். கோயில்களையும் கால்வாய்களையும் கொண்டு எழுதியிருக்கிறார்கள். கைகளைக் கொண்டு எழுதிப் பார்த்தால் என்ன என்று நமக்குத் தோன்றியதற்கு மருத்துவமே காரணம். கடந்த முப்பது ஆண்டுகளில் முதுமையைப் பற்றிய ஆராய்ச்சி, மனிதனின் கைப்பிடியை வியப்பூட்டும் அளவுக்குப் பொருட்படுத்தத் தொடங்கியிருக்கிறது. ஒருவர் தம் கையில் உள்ள ஒரு கருவியை எவ்வளவு இறுக்க முடிகிறது என்பதைக் கொண்டு, அவர் இன்னும் எத்தனை காலம் தாமாக நடமாடுவார், எவ்வளவு காலம் வாழ்வார் என்று மதிப்பிடுகிறார்கள். சோதிடரும் கையைத்தான் பார்த்தார். ஆனால் அவர் கையை விரிக்கச் சொன்னார், இவர்கள் மூடச் சொல்கிறார்கள்.

அந்தக் கருவியின் பெயர் டைனமோமீட்டர். அதன் பிறப்பு மருத்துவமனையில் நிகழவில்லை. இயற்கை நூலறிஞர் பஃபோன் முதலியோரின் தூண்டுதலால் பிரெஞ்சுக் கருவிப் பொறியாளர் ரேஞியே அதனை உருவாக்கினார். 1798இல் அதைப் பற்றிய விவரிப்பு வெளிவந்தது. 1800இல் ஆஸ்திரேலியக் கரைகளை நோக்கிப் புறப்பட்ட பிரெஞ்சுப் பயணக் குழுவில் இருந்த பெரோன், இக்கருவியைக் கையோடு கொண்டுபோனார். டாஸ்மேனியா, நியூ ஹாலந்து, திமோர் ஆகிய இடங்களின் மக்களிடம் அதை நீட்டி அழுத்தச் சொன்னார். காட்டு வாழ்வினரே வலியவர் என்ற அக்கால நம்பிக்கையைச் சோதிப்பது அவர் நோக்கம். முடிவில் ஐரோப்பியரின் கையே வலிது என்று எழுதினார். முன்பின் அறியாத ஒருவன் கப்பலிலிருந்து இறங்கி வந்து நீட்டும் இரும்பை ஒரு மனிதன் எதற்காக முழு மூச்சுடன் இறுக்க வேண்டும் என்ற கேள்வி நமக்கு எழுகிறது. 1884இல் இலண்டன் சுகாதாரக் கண்காட்சியில் ஃபிரான்சிஸ் கால்டன் மூன்று பென்ஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு 9,337 பேரை அளந்தார். அளவைகளில் கைப்பிடியும் ஒன்று. ஆக, முதல் நூறாண்டுகளில் இக்கருவி இனத்தையும் குலத்தையும் தரம்பிரிக்கவே பெரிதும் பயன்பட்டது. முதியவர் ஒருவரின் கையில் அதை அக்கறையோடு வைத்துப் பார்க்கும் எண்ணம் பின்னால் வந்ததே.

ஹவாய்த் தீவில் வாழ்ந்த ஜப்பானிய வழியினரான ஆறாயிரத்துச் சொச்சம் ஆடவரின் கைப்பிடியை 1965க்கும் 1970க்கும் இடையில் அளந்து வைத்திருந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 45 முதல் 68. ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து, உயிரோடிருந்தவர்களைத் தேடிப் பார்த்தபோது, நடுவயதில் பிடி வலிதாக இருந்தவர்களே முதுமையிலும் பிறர் துணையின்றி நடக்கவும் எழவும் வல்லவர்களாக இருந்தனர். 1999இல் வெளிவந்த அந்த ஆய்வுக்குப் பின், 2015இல் 17 நாடுகளின் ஏறத்தாழ 1,40,000 பேரைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று வந்தது. இந்தியாவும் அதில் உண்டு. பிடியின் வலிமை 5 கிலோ குறையுந்தோறும் இறப்பின் வாய்ப்பு 16 விழுக்காடு கூடுவதாக அது கண்டது. இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைக் காட்டிலும் கைப்பிடியே இதைச் சரியாக முன்னறிவித்தது. நம் நாட்டில் 2017-18இல் தொடங்கிய முதுமை பற்றிய நெடுங்கால ஆய்விலும், 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோரிடம் சென்றவர்கள் இந்தக் கருவியைக் கொண்டு சென்றார்கள். ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019இல் வகுத்த எல்லை, ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. அதற்குக் கீழே போனால் தசை நலிவை ஐயுற வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். கைப்பிடி ஆயுளைக் கூட்டுகிறது என்று இவ்வாய்வுகள் சொல்லவில்லை. விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. நரம்பு இழைகளைப் போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து வந்து விரல்களை இழுக்கின்றன. மூளையின் ஆணை, நரம்பின் ஓட்டம், தசையின் பருமன், உண்ட உணவு, உடலில் மறைந்திருக்கும் நோய் எல்லாம் சேர்ந்தே அந்த ஓர் இறுக்கத்தில் வெளிப்படுகின்றன. சித்த வைத்தியர் நாடி பார்ப்பதைப் போன்றது இது. நாடி உடம்பைக் காட்டும். நாடியை மட்டும் திருத்தி உடம்பைத் திருத்த முடியாது. ரப்பர்ப் பந்தைப் பிசைந்துகொண்டு தொலைக்காட்சி பார்ப்பவர் கருவியின் முள்ளைச் சற்று நகர்த்தக்கூடும். முதுமையை நகர்த்த மாட்டார்.

முதுமையைக் கையைக் கொண்டு அளக்கும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் அதை இளமை நீங்கியதற்கான இரங்கல் என்று குறித்துக்கொள்வார்கள். சரிதான். ஆனால் அப்பாட்டு எதைக் கொண்டு இரங்குகிறது என்று பார்க்க வேண்டும். நீராடும் மகளிரோடு கைகோத்தது, மரக்கிளையேறி ஆழ்நீரில் பாய்ந்தது, அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டியது: இளமை முழுவதும் கையின் செயல்களாகவே நினைவுகூரப்படுகிறது. முதுமைக்கு வந்தால் அதே கையில் ஓர் ஊன்றுகோல். அந்தக் கோலின் பெயரே பாடியவருக்கும் பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார். இரண்டு பிடிகளுக்கு இடையில் ஒரு வாழ்நாள். ஒன்றில் மணல், ஒன்றில் தண்டு. ஆழ்ந்த நீர்நிலைக்கு அப்பாட்டில் வரும் சொல் கயம். பொருநையின் ஆழமான மடுக்களை நெல்லைக்காரர்கள் இன்றும் கசம் என்கிறார்கள். உயிர் உசிர் ஆனதைப் போலக் கயம் கசம் ஆயிற்று. கசத்தில் குதித்து மண்ணெடுத்து வந்து மெய்ப்பிக்கும் விளையாட்டும் ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு அந்நியமானதன்று.

இளமையின் வலிமையை ஊரறிய மெய்ப்பிப்பதற்கு இச்சீமை வைத்திருந்த கருவி இளவட்டக்கல். உருண்டையும் வழவழப்புமாக ஊர்ப் பொதுவிடத்தில் கிடக்கும் அதைத் தூக்கித் தோள்மேல் ஏற்றிப் பின்புறம் விடுபவனுக்கே பெண் என்ற வழக்கு இருந்ததாகச் சொல்வார்கள். பள்ளத்தாக்குக்குத் தெற்கே, பணகுடிப் பக்கத்து வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இப்போட்டி இன்றும் நடக்கிறது. நூறு கிலோவைத் தாண்டிய கற்களும் அங்கே உண்டு. அண்மை ஆண்டுகளில் பெண்களும் களத்தில் இறங்கி உரலைத் தூக்குகிறார்கள். இக்கல்லின் நுட்பம் ஒன்றை நாம் வியப்பதுண்டு. அதில் பிடி கிடையாது. விரல் நுழைய ஒரு பள்ளமோ விளிம்போ இல்லாமல் தேய்த்து உருட்டியிருப்பார்கள். ஆகவே விரலின் இறுக்கத்தோடு முன்கை, மார்பு, முதுகு, தொடை எல்லாம் ஒன்றுசேர்ந்தாலன்றிக் கல் அசையாது. பிடி என்பது முழு உடம்பின் செய்தி என்று இன்று ஆய்வாளர்கள் சொல்வதைக் கல் செதுக்கியவன் அறிந்திருந்தான் எனலாம்.

ஆனால் இளவட்டக்கல், அதன் பெயரே சொல்வதுபோல, இளவட்டங்களுக்கானது. பல்லாண்டுகளாக ஆடவருக்கானது. ஒருமுறை தூக்கிக் காட்டியவனிடம் ஐம்பது வயதில் மறுபடி தூக்கு என்று ஊர் கேட்பதில்லை. முதிய கைக்கும் இடமுள்ள ஒரே பெரும்பிடி நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேர் வடம்தான். சுமார் 450 டன் எடையுள்ளதாகச் சொல்லப்படும் அத்தேரை மக்களே கையால் இழுத்து வருகிறார்கள் என்பது ஊரின் பெருமை. 2024 ஜூனில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்து, இரும்புச் சங்கிலியைப் பூட்டி இழுக்க வேண்டியதாயிற்று. வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒதுங்கும் முதியவரையும் வடம் பிடித்தவர் என்றே சொல்வது நம் மரபு. அது நல்ல மரபு.

ஊர் வியந்து பார்த்த பிடிகள் இவை. ஊர் வியக்காத பிடிகள் பல. அவை பெரும்பாலும் பெண்களுடையவை. பெரும்பாலும் சிட்டிகை வகையைச் சேர்ந்தவை.

பத்தமடையை எடுத்துக்கொள்வோம். மருத்துவராக இருந்து துறவியான சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் அது; ஊரை உலகுக்குச் சொன்னது என்னவோ பாய்தான். ஆற்றோரக் கோரையை அறுத்து, நெடுக்காகக் கிழித்து, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, உலர்த்தி, மேலும் நுணுக்கமாக வகிர்ந்து, பருத்தி நூல் பாவில் ஊடையாக ஓட்டுகிறார்கள். மிக மெல்லியதைப் பட்டுப்பாய் என்பார்கள். துணியைப் போல மடிக்கலாம். நெசவாளர்களில் மிகுதியானோர் இசுலாமியப் பெண்கள். 1953இல் முடிசூடிய எலிசபெத் அரசியாருக்கு இங்கிருந்து பாய் போனது என்பதை ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். புவிசார் குறியீடும் பின்னாளில் கிடைத்தது. பாயின் மென்மையைத் தடவிப் பார்க்கும் நாம், அதன் இழையை வகிர்ந்த விரல் நுனிகளைப் பார்ப்பதில்லை. கோரையை அழுத்திப் பிடித்தால் நசுங்கும், தளரப் பிடித்தால் வழுகும். பல மணி நேரம் தரையில் குனிந்தமர்ந்து, இந்த இரண்டுக்கும் நடுவிலான ஓர் அழுத்தத்தில் விரல்களை நிறுத்தி வைப்பதே அத்தொழில். அது பேராற்றல். ஆனால் டைனமோமீட்டர் அளக்கும் ஆற்றல் அன்று.

பீடியின் கதை இதனினும் கடியது. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று பள்ளத்தாக்கின் வீட்டுத் திண்ணைகளெல்லாம் இருபதாம் நூற்றாண்டில் பீடித் தட்டுகளால் நிறைந்தன. கடையில் இலையும் தூளும் நூலும் வாங்கி வந்து, இலையை ஈரப்படுத்தி, கத்தரியால் அளவாக நறுக்கி, தூளைப் பரப்பிச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்ட வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதே கணக்கு. நாளைக்கு ஆயிரம், ஆண்டுக்கு 250 நாள் என்று வைத்துக்கொண்டால், 30 ஆண்டுகளில் ஒரு பெண்ணின் பெருவிரலும் சுட்டுவிரலும் 75 லட்சம் முறை சந்தித்திருக்கும். பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கான சட்டம் 1966இல் வந்தது. எண்ணிக்கைக் கூலி மட்டும் எண்ணிக்கைக் கூலியாகவே நின்றது. ஆயிரம் சுற்றியவர் எண்ணூறுக்கு இறங்கி, பிறகு அறுநூறுக்கு இறங்கினால், கூலியும் அதே படிகளில் இறங்கும். கைப்பிடி தளர்வதை அளக்க அப்பெண்ணுக்கு வேறு கருவி தேவையில்லை. பீடிக்கடைக் கணக்குப் புத்தகமே அவள் முதுமையின் பதிவேடு.

இவ்வளவு உழைத்த கை வலிதாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். தசை அப்படி வளர்வதில்லை. தன் வழக்கத்துக்கு மேற்பட்ட பாரத்தை எதிர்த்து இழுத்து, பின் ஓய்வெடுத்து, உணவிலிருந்து புரதம் பெற்றால்தான் அது வலுப்பெறும். இலேசான ஓர் அசைவையே பல்லாயிரம் முறை செய்தால் அந்த அசைவில் சலியாத பழக்கம் வரும், வலிமை வராது. தசைநாண்கள் தேயும், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்ணும், விரல்கள் மரத்துப்போகும். உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு.

இதனால்தான், 'அந்தக் காலத்தில் அம்மி அரைத்தார்கள், உரல் குத்தினார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள். அதனால் தொண்ணூறு வயதிலும் திடமாக இருந்தார்கள்' என்ற பேச்சைக் கேட்கும்போது நமக்கு முழு உடன்பாடு ஏற்படுவதில்லை. பாதி உண்மை அதில் உண்டு. கிணற்றுக் கயிறு வலுப்பிடிக்கு நல்ல பயிற்சி, உலக்கையும் அப்படியே. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், மின்சாரம் பரவப் பரவ நெல் குத்தும் வேலை அரைவை மில்லுக்குப் போயிற்று. மிக்சியும் கிரைண்டரும் 2011க்குப் பிறகு அரசின் விலையில்லாப் பொருள்களாகவே ஏழை வீடுகளுக்கும் வந்தன. அம்மி வாசலுக்குப் போய்க் கவிழ்ந்து கிடக்கிறது. கை தன் வேலைகளை ஒவ்வொன்றாக இழந்தது மெய்தான். ஆனால் நாம் நினைவில் வைத்திருக்கும் திடமான பாட்டி எஞ்சியவர்களுள் ஒருத்தி. 1941-51 பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். உலக்கை பிடித்த கைகளுள் பேறுகாலத்திலும் காய்ச்சலிலும் பஞ்சத்திலும் பாதி வழியில் ஓய்ந்தவற்றை நாம் பார்த்ததில்லை. பார்த்தவர்களும் இப்போது இல்லை.

உழைப்பு மட்டுமே வலிமை தருமென்றால் உலகின் வலிய கைகள் உழைப்பாளிகள் மிகுந்த நாடுகளில் இருக்க வேண்டும். 17 நாட்டு ஆய்வு இதற்கு மாறானதைக் கண்டது. ஏழை நாடுகளின் கைப்பிடியே மெலிந்தது. தெற்காசியர் கடைசி வரிசையில் நின்றார்கள். பெரோன் கண்டதும் இதுதானே என்று ஒருவர் சொல்லக்கூடும். அவர் அதை இனத்தின் கணக்கில் எழுதினார். இன்று அதை உணவின் கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல் 1948 வரை மருத்துவச்சிகள் குழந்தைகளின் பிறப்பெடையைப் பேரேடுகளில் பதிந்து வைத்தார்கள். அப்பேரேட்டில் இருந்தோர் அறுபதைக் கடந்தபின் கைப்பிடியை அளந்தபோது, எடை குறைந்து பிறந்தவர்களின் பிடி பொதுவாகத் தளர்ந்திருந்தது. அறுபது வயதுக் கையில் தாய் கருவுற்றிருந்த காலத்துக் கஞ்சியின் கனமும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். காரும் பிசானமும் விளையும் இரு போக வயல்களில், நாற்றுப் பறித்தும் நட்டும் அறுத்தும் நின்ற பெண்கள் என்ன உண்டார்கள், யாருக்குப் பின் உண்டார்கள் என்ற கேள்வி இங்கே வரலாற்றுக் கேள்வியாகவும் மருத்துவக் கேள்வியாகவும் ஒருசேர நிற்கிறது.

பிரித்தானியத் தரவுகளின்படி கைப்பிடி முப்பதுகளில் உச்சத்தை எட்டுகிறது. ஆணுக்கு 51 கிலோ, பெண்ணுக்கு 31 கிலோ அளவில். பிறகு சில காலம் நிலைத்து, நடுவயதுக்குப்பின் இறங்குகிறது. உச்சம் எவ்வளவு உயரமோ, அவ்வளவு காலம் தாழ்த்தியே அந்த 18, 28 எல்லைகள் வந்து சேரும். தாழ்ந்த உச்சத்திலிருந்து இறங்குபவர்கள் விரைவில் வந்துவிடுகிறார்கள்.

இறங்கியது ஏறாதா என்றால், ஏறும். 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், தொண்ணூறை ஒட்டிய வயதுள்ள நலிந்த பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால்களால் பாரத்தைத் தள்ளும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தள்ளாத வயது என்று நாம் சொல்லும் வயதில் அவர்கள் தள்ளிக் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியை முதியோருக்கும் வாரத்தில் இரண்டு நாட்களேனும் சொல்கிறது. அதனோடு உடம்பின் சமநிலைக்கான பயிற்சிகளையும் சேர்க்கிறது. நடந்தால் போதும் என்று எண்ணி ஆற்றங்கரையில் மாலை நேரம் நடப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். நடை நல்லது, அது பாரத்தை எதிர்ப்பது ஆகாது. நீர் நிறைந்த வாளியைத் தூக்கிப் பத்தடி நடப்பது ஆகும். முட்டையும் பருப்பும் மீனும் சேர்ந்த தட்டு அதற்குத் துணை.

2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருபவர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் அத்திட்டத்தில் உண்டு. பீடி சுற்றும் வீட்டு வாசலில் ஒரு நாள் கைப்பிடியையும் அளந்தால் நல்லது. கருவி இல்லாத இடத்துக்கும் மருத்துவர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனம் வேண்டும் என்பது ஆசியக் குழுவின் கணக்கு. பத்தமடைத் தறி தரையில் கிடப்பது. அதன்முன் ஆயுள் முழுவதும் தரையில் அமர்ந்தவருக்கு நாற்காலிச் சோதனை அவ்வளவு பொருந்துமா என்று தெரியவில்லை. வேலை முடிந்து பாயைவிட்டு எழும்போது அவர் கையூன்றி எழுகிறாரா, ஊன்றாமல் எழுகிறாரா என்பதை வீட்டிலிருப்பவர்களே பார்த்துவிடலாம்.